பிழை நாணயத்தை மதிப்பிடுவது எப்படி

ஒரு நாணயத்தில் குறை இருக்கிறது என்பதனாலேயே அதன் விலை கூடிவிடாது. பெரும்பாலான குறைகள் விலையை இறக்கவே செய்கின்றன. மங்கலாக எழும்பிய முகம், நிரம்பாத எழுத்து, தேய்ந்த அச்சின் தழும்பு ஆகியவற்றைச் சேகரிப்பாளர்கள் பொறுத்துக்கொள்வார்களே தவிர, தேடி வாங்க மாட்டார்கள். இருந்தும் சில குறைகள், தாங்கிய நாணயத்தை முகமதிப்பைவிடப் பல ஆயிரம் மடங்கு உயர்த்திவிடுகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிய நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறை, நாணயம் உருவான எந்தக் கட்டத்தில் நேர்ந்தது? அதற்கு விடை சொல்ல முடியாத நாணயத்துக்கு முகமதிப்புக்கு மேல் ஒரு காசும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டால், தொடக்கக் காலத்து ஏமாற்றங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம்.

நாணயம் பிறக்கும் வழி

நீண்ட உலோகப் பட்டையிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டி எடுக்கப்படுகின்றன. அவற்றை உலையில் சூடாக்கி மென்மையாக்கிக் கழுவி உலர்த்திய பிறகு, ஒரு பொறி ஒவ்வொரு வில்லையையும் பக்கவாட்டில் நெருக்கி உருட்டி விளிம்பை எழுப்புகிறது. அடுத்து வில்லை அச்சுப் பொறிக்குள் செல்கிறது. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் காலர் எனப்படும் எஃகு வளையம். அழுத்தம் விழும் கணத்தில் தலைப் பக்கமும் பூப் பக்கமும் ஒன்றாகப் பதிய, பிதுங்கும் உலோகத்தை வளையம் தடுத்து நிறுத்துகிறது. இன்றைய பொறிகள் நிமிடத்துக்கு 700 நாணயங்களுக்கும் மேல் அடிக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், பிழைகள் நேர்வதைவிட இவ்வளவு குறைவாக நேர்வதுதான் வியப்பாகத் தோன்றும்.

ஆகவே குறையின் பிறப்பிடம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: வில்லை, அச்சு, அடிப்பு. அச்சில் உள்ள பிழை அந்த அச்சு அடிக்கும் நாணயங்களிலெல்லாம் அப்படியே திரும்பத் திரும்ப வரும்; இவற்றை 'வகை' என்று தனியாகப் பிரித்து, எண் கொடுத்துப் பட்டியலிட முடியும். வில்லையிலும் அடிப்பிலும் நேரும் பிழை பெரும்பாலும் அந்த ஒரு நாணயத்தோடு முடிந்துவிடும். இந்த வேறுபாடு விலையை நேராகப் பாதிக்கிறது. பட்டியலிட்ட வகைக்கு, அதைத் தேடிக்கொண்டே இருக்கும் வாங்குநர் கூட்டமும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய விற்பனைகளும் இருக்கும். தனிப்பிழைக்கு அப்படிப்பட்ட துணை கிடையாது. அன்றைக்கு ஏலத்தில் இருவர் மோதிக்கொண்டால் ஒரு விலை, ஒருவர் மட்டும் வந்தால் வேறொரு விலை.

நான்காவதாக ஓர் இடமும் உண்டு: நாணயம் அடிக்கும் ஆலையான அக்கசாலையை விட்டு வெளியே வந்த பிறகு நேர்ந்த சேதம். சுத்தியல், அமிலம், அரம், துணி உலர்த்தும் இயந்திரம் ஆகியவை ஏற்படுத்தும் விசித்திரங்களுக்குச் சேகரிப்பு மதிப்பு எதுவும் இல்லை. விற்பனைக்கு வரும் 'அரிய பிழை' நாணயங்களில் கணிசமானவை இந்த நான்காவது இடத்தில் பிறந்தவைதாம்.

அச்சில் நேர்ந்த பிழைகள்

இரட்டைப் பதிவு என்பதை விளக்க அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சென்ட் நாணயத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அச்சு தயாரிக்கும்போது, உருவம் மேடாக உள்ள மூலத்தை மென்மையான எஃகின் மீது அழுத்துவார்கள். ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாக இறங்காது. எஃகை மீண்டும் சூடாக்கி இளக்கி இன்னொரு முறை அழுத்த வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது அழுத்தம் சற்றே திரும்பி விழுந்ததால், தலைப் பக்கத்து ஆண்டெண்ணும் வாசகங்களும் அச்சிலேயே இரண்டிரண்டாகப் பதிந்தன. பூப் பக்கம் முற்றிலும் இயல்பாக இருந்தது. சுமார் 20,000 முதல் 24,000 நாணயங்கள் வரை புழக்கத்துக்குப் போயின என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. கண்ணாடி எதுவும் இல்லாமல் கை நீட்டும் தூரத்திலிருந்தே அந்த இரட்டிப்பு தெரிகிறது. அதன் விலைக்கு எண்ணிக்கை எவ்வளவு காரணமோ, அதே அளவுக்கு இந்தத் தெளிவும் காரணம்.

அதே 1955ஆம் ஆண்டில் இன்னொரு சென்ட் வகையும் இருக்கிறது. ஆண்டின் கடைசி 5 மட்டும் இரட்டித்தாற்போல் நிழலாடும். சேகரிப்பாளர்கள் இதனை 'ஏழையின் இரட்டை அச்சு' என்று கேலியாக அழைப்பார்கள். அச்சு அளவுக்கு மீறி உழைத்துத் தேய்ந்து பரவியதால் வந்த நிழலே தவிர, உண்மையான இரட்டிப்பு அன்று. ஆண்டு ஒன்று, நாணயம் ஒன்று, பார்வைக்குக் குறையும் ஒன்றுபோலத்தான். ஆனால் பிறந்த காரணம் வேறு என்பதால் ஒன்று பெரும் விலைக்குப் போகிறது, மற்றது வேடிக்கைப் பொருளாகவே நின்றுவிடுகிறது.

இரட்டிப்பைச் சோதிக்கப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி போதும். நாணயத்தைச் சாய்த்து, பக்கவாட்டு ஒளியில் ஓர் எழுத்தின் மூலையை மட்டும் பாருங்கள். உண்மையான அச்சு இரட்டிப்பில் எழுத்து தடித்திருக்கும், இரண்டு உருவங்களும் உருண்ட முதுகோடு எழுந்திருக்கும், எழுத்தின் முனைகளில் சிறிய பிளவு, அதாவது இரு நுனிகள் பிரியும் இடம், தெளிவாகத் தெரியும். இதற்கு மாறாக, தளர்ந்து பொருத்தப்பட்ட அச்சு அடித்தவுடன் சற்றே நழுவினால், அது எழுத்தின் பக்கத்தைச் சீவிவிடும். அங்கே தட்டையான ஒரு படி போன்ற பகுதி தாழ்வாகவும் பளபளப்பாகவும் நிற்கும், மூல எழுத்து தடிப்பதற்குப் பதிலாக மெலிந்திருக்கும். இதனை இயந்திர இரட்டிப்பு என்பார்கள். இது எல்லா நாட்டு நாணயங்களிலும் மலிந்து கிடக்கிறது, இதற்குக் கூடுதல் விலை இல்லை. புதியவர்கள் 'கண்டுபிடித்தேன்' என்று காட்டும் இரட்டை அச்சுகளில் பெரும்பான்மை இதுவே.

அச்சைச் சரிசெய்யப் போய்ப் பிழை உண்டாவதும் உண்டு. இடையில் வில்லை இல்லாமல் இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால் ஒன்றின் தழும்பு மற்றதில் விழுந்துவிடும். அதைத் தேய்த்து நீக்குவது வழக்கம். 1937இல் டென்வர் அக்கசாலையில் அப்படித் தேய்த்தபோது, ஐந்து சென்ட் நாணயத்தில் உள்ள காட்டெருமையின் முன்னங்கால் ஒன்று அச்சிலிருந்தே மறைந்துபோனது. குளம்பு மட்டும் தரையில் எஞ்சியது. 'மூன்று கால் எருமை' என்று புகழ்பெற்ற இந்நாணயத்தின் விலையைக் கண்டு, சாதாரண நாணயத்தின் காலைச் செதுக்கி நீக்கி விற்பவர்களும் கிளம்பினார்கள். உண்மையானதில் எருமையின் வயிற்றுக்குக் கீழே தரையை நோக்கி மேடான புள்ளிகள் வரிசையாக இறங்கும். செதுக்கியவரால் இவற்றை உண்டாக்க முடியாது, ஏனெனில் அச்சில் விழுந்த கீறலும் குழியும்தான் நாணயத்தில் மேடாக எழும். நாணயத்தின் மேல் விழுந்த கீறல் எப்போதும் பள்ளமாகவே இருக்கும். பிழை நாணயங்களைப் பார்க்கும் எவரும் மனத்தில் இருத்த வேண்டிய விதி இது. மேடா பள்ளமா என்ற ஒரே கேள்வி, பாதி வழக்குகளை அந்த இடத்திலேயே முடித்துவைக்கும்.

அச்சு விரிசல் நாணயத்தில் மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். சிறு கோடுகளுக்கு மதிப்பு அதிகமில்லை. விளிம்போரமாக அச்சின் ஒரு துண்டே உடைந்து விழுந்தால், அந்த இடத்தில் உருவம் எதுவும் இல்லாத உலோகத் திட்டு எழும். இது பெரிதாக இருக்கும் அளவுக்கு விருப்பமும் கூடும். அச்சுக்குழியில் எண்ணெயும் தூசும் அடைத்துக்கொண்டு எழுத்து விடுபடுவது மிகச் சாதாரணம், விலையும் மிகச் சாதாரணம். விதிவிலக்கு 1922ஆம் ஆண்டு அமெரிக்க சென்ட். அவ்வாண்டு டென்வர் மட்டுமே சென்ட் அடித்ததால் எல்லாவற்றிலும் 'டி' என்ற குறி இருந்தாக வேண்டும். அது இல்லாதது, அதிலும் பூப் பக்கம் கூர்மையாக உள்ள குறிப்பிட்ட அச்சு இணையிலிருந்து வந்தது, தொகுப்பில் ஓர் இடத்தை நிரப்பும் நாணயமாகவே மாறிவிட்டது.

வில்லையில் நேர்ந்தவை

வெட்டுண்ட வில்லை தொடக்கக்காரருக்கு நல்ல பள்ளிக்கூடம். பட்டை போதுமான அளவு முன்னே நகராமல், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டும் கருவி மீண்டும் இறங்கினால், பிறைபோல் ஒரு துண்டு குறைந்த வில்லை கிடைக்கிறது. வீட்டில் எவரும் ஓர் அரத்தையோ துளைப்பானையோ கொண்டு இதுபோல் வெட்டிவிடலாமே என்ற ஐயம் நியாயமானது. அதற்கான விடை வெட்டின் எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. விளிம்பெழுப்பும் பொறி வில்லையை இரு பக்கமிருந்தும் நெருக்குகிறது. ஒரு பக்கம் உலோகம் இல்லாவிட்டால், அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்புக்கும் நெருக்கம் கிடைக்காது. ஆகவே கடிகாரத்தில் 3 மணி இருக்கும் இடத்தில் வெட்டு என்றால், 9 மணி இடத்தில் விளிம்பு மங்கித் தட்டையாக இருக்க வேண்டும். வெட்டை ஒட்டிய எழுத்துகளும் வெட்டை நோக்கி இழுபட்டு மெலிந்திருக்கும், ஏனெனில் அடிக்கும்போது உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி ஓடியது. எதிர் விளிம்பு கம்பீரமாக நின்று, வெட்டை ஒட்டிய எழுத்து கத்தியால் அறுத்ததுபோல் முடிந்திருந்தால் அந்த நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்லா உண்மை வெட்டிலும் இந்த அடையாளம் பளிச்சென்று இருக்காது என்றாலும், அது இல்லாதபோது வேறு வலுவான ஆதாரம் தேவை.

தவறான உலோக வில்லையில் அடித்தவை இத்துறையின் உச்சம். 1943இல் போருக்காகச் செம்பைச் சேமிக்க அமெரிக்கா துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தது. எஞ்சியிருந்த சில வெண்கல வில்லைகள் பொறிக்குள் புகுந்ததால் மிகச் சில 1943 நாணயங்கள் வெண்கலத்தில் பிறந்தன. எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்பது பழைய தந்திரம். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். எடையும் காட்டிக்கொடுக்கும்: வெண்கலம் 3.11 கிராம், எஃகு சுமார் 2.7 கிராம். இன்னும் சாமர்த்தியமானவர்கள் 1948ஆம் ஆண்டு வெண்கல சென்ட்டில் 8இன் இடப் பக்கத்தைச் செதுக்கி 3 ஆக்குவார்கள். அதனிடம் காந்தமும் தராசும் தோற்றுவிடும். உண்மையான 1943இல் 3இன் வால் மற்ற எண்களின் அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே நீளும் என்பதை அறிந்தவரே தப்பிப்பார்.

இதனால்தான் 0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்றை வாங்குங்கள் என்று எவருக்கும் சொல்வேன். பல அடுக்கு உலோக நாணயத்தில் ஓர் அடுக்கு இல்லாமல் அடிபட்டது என்றால் நிறம் மட்டும் மாறினால் போதாது, எடையும் குறைய வேண்டும். நிறம் மாறி எடை மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் மண்ணோ வெப்பமோ வேதிப்பொருளோ செய்த வேலை. எழுத்துகள் எல்லாம் ஒரேபோல் மெலிந்து, எடையும் குறைந்திருந்தால் அமிலத்தில் மூழ்கியது.

அடிப்பில் நேர்ந்தவை

வில்லை அச்சுகளுக்கு நடுவில் சரியாக உட்காராமல் அடிபட்டால் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு ஒதுங்கியதை எவரும் பொருட்படுத்துவதில்லை. பாதியளவு ஒதுங்கி, ஆண்டெண் முழுமையாகத் தெரியும் நாணயம்தான் விரும்பப்படுகிறது. அதைவிட அதிகமாக ஒதுங்கிய நாணயம் பார்க்க விசித்திரமாக இருந்தாலும், ஆண்டு தெரியாதபோது விலை இறங்கிவிடும். எந்த ஆண்டு, எந்த அக்கசாலை என்று சொல்ல முடியாத நாணயத்துக்குத் தொகுப்பில் இடம் ஒதுக்குவது கடினம்.

அடிபட்ட நாணயம் வெளியேறாமல் ஓர் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லை அந்த நாணயத்தின் மீதே அழுந்தும். அப்போது ஒரு பக்கம் இயல்பாகவும், மறுபக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிப் பள்ளமாகவும் உருவம் விழும். இதனைப் பிராக்கேஜ் என்கிறார்கள். நான் சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் இப்படி ஒன்றை ஒரு விற்பனையாளரிடம் மகிழ்ச்சியோடு வாங்கினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது, பள்ளமான தலைகீழ் எழுத்துகளுக்கு அடியிலேயே வழக்கமான எழுத்துகளும் நசுங்கிக் கிடந்தன. இரண்டு நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பட்டறைப் பிடிப்பானில் இறுக்கிச் செய்த வேலை அது. உண்மையான பிராக்கேஜில் அந்தப் பக்கத்தை அச்சு தொட்டிருக்கவே முடியாது. ஆகவே நசுங்க அங்கே முன்னதாக எழுத்தே இருக்காது. அந்த நாணயத்தை இன்றும் வைத்திருக்கிறேன், மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு.

இரு பக்கமும் தலை உள்ள நாணயங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்றைக் குடைந்து மற்றதை அதற்குள் பொருத்திய மாயவித்தைப் பொருள்களே ஏறக்குறைய அனைத்தும். விளிம்பின் உட்புறம் மெல்லிய இணைப்புக் கோடு ஓடும், தட்டினால் ஓசை செத்துக் கேட்கும். பொருந்தாத இரு அச்சுகள் உண்மையாகவே சேர்ந்த நிகழ்வுகளும் உண்டு. 2000ஆம் ஆண்டு அமெரிக்க டாலர் வில்லையில், கால் டாலரின் தலைப் பக்கமும் டாலரின் பூப் பக்கமும் சேர்ந்து அடிபட்டவை இருபதை ஒட்டிய எண்ணிக்கையில்தான் அறியப்பட்டிருக்கின்றன.

எண்ணிக்கையும் ஈர்ப்பும்

பிரிட்டனில் 2008இல் 20 பென்ஸ் நாணயத்தின் வடிவம் மாறியபோது, ஆண்டெண்ணைப் பூப் பக்கத்திலிருந்து அரசியின் பக்கத்துக்கு மாற்றினார்கள். புதிய பூப் பக்க அச்சோடு பழைய தலைப் பக்க அச்சைச் சேர்த்து அடித்ததில், ஆண்டே இல்லாத நாணயங்கள் வெளியே போயின. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டில் நேராத ஒன்று இது. எண்ணிக்கை 2,50,000 வரை இருக்கலாம் என்று அக்கசாலையே மதிப்பிட்டது. அத்தனை இருந்தும் இது முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது. பிழையைப் புரிந்துகொள்ள எவருக்கும் ஒரு வாக்கியம் போதும், கண்ணாடி தேவையில்லை.

சிலி நாட்டின் 2008ஆம் ஆண்டு 50 பெசோ நாணயத்தில் நாட்டின் பெயரிலேயே ஓர் எழுத்து மாறி அச்சானது. சுமார் 15 லட்சம் நாணயங்கள் வெளிவந்துவிட்டன. செய்தி பெரிதுதான், ஆனால் அத்தனை லட்சம் உள்ள பொருளுக்கு அரிது என்ற சொல் பொருந்தாது. அயர்லாந்தின் மத்திய வங்கி 2013இல் ஓர் எழுத்தாளரின் நினைவாக வெளியிட்ட 10 யூரோ வெள்ளி நாணயத்தில் மேற்கோளுக்குள் ஒரு சொல் கூடுதலாக நுழைந்துவிட்டது. வெளியிட்ட நாணயம் ஒவ்வொன்றிலும் அதே பிழை. பிழையில்லாத இணை ஒன்று இருந்தால்தான் பிழையுள்ளது அரிதாகும். வடிவமைப்பிலேயே புகுந்த தவறு நாணயத்துக்கு ஒரு கதையைத் தருமே தவிர, தனி வகையைத் தருவதில்லை.

செய்தி சூடாக இருக்கும்போது வாங்காதீர்கள். அமெரிக்காவின் 2007ஆம் ஆண்டு வாஷிங்டன் டாலர் நாணயங்களில் ஆண்டும் வாசகமும் விளிம்பில் தனிப் பொறியால் பதிக்கப்பட்டன. அந்தப் பொறிக்குள் போகாமலே பல ஆயிரம் நாணயங்கள் வெளியேறின. முதலில் கிடைத்த சிலவற்றுக்குப் பெரிய தொகை கொடுத்தவர்கள், அடுத்த சில வாரங்களில் மேலும் மேலும் வெளிப்பட்டு விலை சரிந்ததைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

குறை குறையாகவே நிற்கும் இடங்கள்

அழுத்தம் போதாமல் உருவம் முழுமையாக எழும்பாதது பிழைத் தொகுப்பில் சேராது. 1921ஆம் ஆண்டு அமெரிக்க அமைதி டாலரின் உருவம் மிக உயரமாக வடிக்கப்பட்டதால் நடுப்பகுதி பல நாணயங்களில் நிரம்பவில்லை. அடுத்த ஆண்டே உயரத்தைக் குறைத்தார்கள். இந்த நாணயத்தில் தலைப் பக்க உருவத்தின் நடு முடி தெளிவாக எழும்பியதற்குத்தான் கூடுதல் விலை. சேகரிப்பாளர்களுக்கென்றே தனிக் கவனத்தோடு அடிக்கும் ப்ரூஃப் நாணயத்தில் அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே சிக்கிய நூலிழையின் வடு அக்கசாலையில்தான் நேர்ந்தது என்றாலும் அது விலையைக் குறைக்கும், ஏனெனில் அந்த வகை நாணயத்தை வாங்குபவர் தேடுவதே குறையின்மையை. பதினெட்டாம் நூற்றாண்டு வெள்ளி நாணயங்களில் எடையைச் சரிசெய்ய அடிப்பதற்கு முன்பே வில்லையை அரத்தால் தேய்த்த கோடுகள் இருக்கும். அவை சேதமாகக் கருதப்படுவதில்லை. ஆனால் முகத்தின் குறுக்கே ஓடினால் வாங்குநர் தயங்குவார்.

கையால் அடித்த பழங்கால நாணயங்களுக்கு இந்த அளவுகோல்கள் பொருந்தா. அங்கே ஒதுங்கிய உருவமும் விளிம்பு வெடிப்பும் இயல்பு நிலை. உருவம் நடுவில் அமைந்ததுதான் அரிது, அதற்கே விலை. ரோமக் குடியரசுக் காலத்துத் தினாரி என்னும் வெள்ளி நாணயங்களில் காணப்படும் பிராக்கேஜ் மட்டும் இன்றும் ஆர்வத்தோடு வாங்கப்படுகிறது.

விலையை முடிவு செய்வது

பிழையின் பிறப்பிடம் உறுதியான பிறகே விலையைப் பாருங்கள். கேட்கும் விலை ஆதாரமாகாது. இணையத்தில் எவரும் எந்த எண்ணையும் எழுதிவைக்கலாம். விற்று முடிந்த ஏலங்களில், அதே பிழை, அதே அளவு, அதே தரம் என்று மூன்றும் பொருந்துவனவற்றைத் தேடுங்கள். 1 முதல் 70 வரையிலான தர அளவில் சில படிகள் இறங்கினாலே இரட்டை அச்சு சென்ட்டின் விலை வெகுவாக இறங்கும். செம்பு நாணயமாக இருந்தால் சிவப்பு மாறாதிருப்பதும் பழுப்பேறியிருப்பதும் தனித்தனி விலைகள். பிழை நாணயம்தானே, தேய்ந்தால் என்ன என்று எண்ண வேண்டாம்.

விலை உயர்ந்ததைச் சான்றளிப்பு நிறுவனத்துக்கு அனுப்பலாம். 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய இரண்டும் பிழை நாணயங்களையும் ஆய்ந்து உறையிடுகின்றன. கட்டணம், அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்ந்த செலவு நாணயத்தின் கூடுதல் மதிப்பைத் தாண்டுமானால் அனுப்புவதில் பொருளில்லை. சிறிய வெட்டு வில்லைகளுக்கும் அச்சு விரிசல்களுக்கும் இக்கணக்கு ஒருநாளும் கட்டுப்படியாகாது.

எந்த நிலையிலும் நாணயத்தைத் துலக்காதீர்கள். துலக்கிய மேற்பரப்பில் மேடு பள்ளங்களின் ஓரம் மழுங்கிவிடும், அப்போது பிழை அச்சில் பிறந்ததா வெளியே நேர்ந்ததா என்று காட்டும் தடயமே அழிந்துவிடும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள், பிவிசி என்னும் பிளாஸ்டிக் கலக்காத உறையில் வையுங்கள். உறையின் மேல் எடையையும், எந்தக் கட்டத்தில் நேர்ந்த பிழை என்பதையும், அப்படிக் கருதக் காரணமான அடையாளத்தையும் எழுதிவையுங்கள். படம் எடுக்கும்போது இரு பக்கங்களோடு விளிம்பையும், வெட்டு வில்லையானால் வெட்டுக்கு எதிர்ப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். விவரமறிந்த வாங்குநர் முதலில் கேட்கப்போவது அந்தப் படத்தைத்தான்.